பாக்கெட் ரேடியோவில் ஐபி: பிங் போகிறது, அதற்கு மேல் எதுவும் நகரவில்லை

அலைநேயன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நானும் இன்னொரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பரும் சேர்ந்து 2 மீட்டர் பேண்டில், பாக்கெட் ரேடியோவில், அதாவது தரவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ரேடியோவில் அனுப்பும் முறையில், ஒரு சின்ன ஐபி வலை கட்டிப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைப்புதான்: ராஸ்பெர்ரி பை, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, டயர்வுல்ஃப் மென்பொருள் மோடம், சாதாரண எஃப்எம் மொபைல் செட். வேகம் 1200 பாட். லினக்ஸில் மோடமை வலையோடு இணைக்கும் கிஸ்அட்டாச் கட்டளை கொடுத்ததும் ஏஎக்ஸ்0 என்று ஒரு இன்டர்ஃபேஸ் வந்தது, ஆளுக்கொரு ஐபி முகவரி வைத்தோம், பிங் (எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) அடித்தால் பதில் வருகிறது. முதல் பதில் வந்தபோது இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பிங்கின் முதல் பதில் 3 விநாடியில் வருகிறது, அடுத்தது 5, அதற்கடுத்தது 7 என்று ஏறிக்கொண்டே போகிறது. பிங்கை நிறுத்திய பிறகும் செட் கொஞ்ச நேரம் தானாக பிடிடி அடித்துக்கொண்டே, அதாவது டிரான்ஸ்மிட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நண்பரின் ராஸ்பெர்ரி பையில் 2 கிலோபைட் அளவில் ஒரே ஒரு வெறும் எழுத்துப் பக்கம் வைத்து, அதை எச்டிடிபி வழியாக இழுத்துப் பார்த்தோம். இணைப்பு கிடைத்த மாதிரி தெரிகிறது, பிறகு இரண்டு செட்டும் மாறி மாறிக் கத்துகின்றன, கடைசியில் டைம்அவுட். எஸ்எஸ்எச் (குறியாக்கம் செய்த தொலை உள்நுழைவு) போட்டால் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை. இதெல்லாம் போக, யாரும் எதையும் தொடாமல் இருக்கும்போதே அவ்வப்போது செட் தானாக டிரான்ஸ்மிட் போகிறது.

சிக்னலில் குறை ஒன்றும் இல்லை. நேர்ப்பார்வை உண்டு, டயர்வுல்ஃப் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சுத்தமாக டீகோட் ஆகித்தான் விழுகிறது. டிஎக்ஸ்டிலே (செட் டிரான்ஸ்மிட்டுக்கு மாறியபின் தரவு தொடங்கும்வரை விடும் நேரம்) 500 மில்லிவிநாடி, மற்றதெல்லாம் இயல்பாக இருந்தபடியே விட்டிருக்கிறோம்.

மற்ற தொடர்புகள் அறுந்துபோகும் நேரத்தில் எங்கள் குழுவில் இருக்கும் ஆறு நிலையங்களுக்குள் குறுஞ்செய்திகளும், நீர்மட்டம் மாதிரி சில சென்சார் அளவுகளும் போய்வர வேண்டும், அதுதான் எங்கள் நோக்கம். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்க முடியாது என்பதால் நடுவில் ஒரு குன்றின் மேல் ஒரு ரிலே வைக்கும் எண்ணமும் இருக்கிறது. 9600 பாட்டுக்கு மாறினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? இல்லை, பாக்கெட் ரேடியோவில் ஐபி ஓட்டுவதே வீண் வேலையா? நேராகச் சொல்லுங்கள்.

பழைய டிஎன்சி

வீண் வேலை இல்லை. உங்கள் ரேடியோ வேலை செய்கிறது, மோடம் வேலை செய்கிறது. திணறுவது டிசிபி, அதாவது ஐபியின் மேல் ஓடி, தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, சேராவிட்டால் மறுபடி அனுப்பும் நெறிமுறை. அதுவும் அதன் இயல்பான எண்களெல்லாம் மில்லிவிநாடிகளில் பதில் வரும் கம்பி வலையை நினைத்து வைக்கப்பட்டவை என்பதால். வேகத்தை மாற்றுவதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் பிங். ஒரு சாதாரண பிங் பாக்கெட் ஐபி தலைப்போடு சேர்த்து 84 பைட். அதன் மேல் பாக்கெட் ரேடியோவின் இணைப்பு நெறிமுறையான ஏஎக்ஸ்.25 போடும் சுமை: பெறுபவர் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) 7, அனுப்புபவர் கால்சைன் 7, கன்ட்ரோல் 1, உள்ளே இருப்பது ஐபி என்று சொல்லும் பிஐடி 1, பிழை சரிபார்க்க 2, முன்னும் பின்னும் கொடி 2. ஆக 104 பைட், 1200 பாட்டில் அதை அனுப்ப 0.7 விநாடி. அதற்கு முன் உங்கள் டிஎக்ஸ்டிலே 0.5 விநாடி. அதற்கும் முன், அலைவரிசை காலியா என்று பார்த்து, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, இந்த முறை போகலாமா அடுத்த ஸ்லாட்டுக்குக் காத்திருக்கலாமா என்று மோடம் முடிவு செய்யும் நேரம். கணினியும் மோடமும் பேசிக்கொள்ளும் முறையான கிஸ்ஸின் இயல்பான அளவுகள் பெர்சிஸ்டன்ஸ் 63, ஸ்லாட் 100 மில்லிவிநாடி. அதாவது ஒவ்வொரு ஸ்லாட்டிலும் நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு, சராசரியாக 0.3 விநாடி இதில் போகும். கூட்டினால் ஒரு பக்கம் போக 1.5 விநாடி, போய்த் திரும்ப 3. நீங்கள் பார்த்த 3 விநாடி இங்கிருந்து வருகிறது. ஆனால் பிங் கட்டளை விநாடிக்கு ஒன்று அனுப்பும். மூன்று விநாடி ஆகும் வேலைக்கு விநாடிக்கு ஒரு வேண்டுகோள் என்றால் வரிசை நீளாமல் என்ன செய்யும்? இடைவெளியை 15 விநாடியாக வைத்து அடியுங்கள், எண் ஏறாது.

இப்போது டிசிபி. இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் லினக்ஸில் 60 பைட், ஏஎக்ஸ்.25 சுமையோடு 80. காத்திருப்பு, டிஎக்ஸ்டிலே, அனுப்பும் நேரம் எல்லாம் சேர்த்து 1.3 விநாடி. லினக்ஸ் முதல் சின்னுக்கு பதில் வர எவ்வளவு நேரம் பொறுக்கும் தெரியுமா? 1 விநாடி. முதல் சின் இன்னும் ஆன்டெனாவை விட்டு முழுசாக வெளியேறவே இல்லை, அதற்குள் அது தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டாவது சின் வரிசையில் வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கமும் அதே கதை. எப்படியோ இணைப்பு கிடைக்கிறது.

அப்புறம் பக்கம் வர வேண்டும். உங்கள் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 256 என்று எடுத்துக்கொண்டால் ஒரு செக்மெண்டில் (டிசிபி அனுப்பும் ஒரு துண்டில்) 216 பைட் தரவு போகும், 2 கிலோபைட்டுக்குப் பத்து செக்மெண்ட். 2013இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறிமுறை ஆவணத்துக்குப் பிறகு டிசிபி ஆரம்பத்திலேயே, ஒரு ஏசிகேகூட (கிடைத்தது என்ற பதில்) வராமல், பத்து செக்மெண்ட்டை ஒரேயடியாக அனுப்பலாம். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது. கம்பியில் அது ஒரு இமைப்பொழுது. உங்கள் அலைவரிசையில் 18 விநாடிக்கு மேல்! அந்த நேரம் முழுக்க எதிர்ப்பக்கம் ஏசிகே அனுப்ப இடமே கிடைக்காது, அதற்குள் அனுப்புபவரின் டைமர் தீர்ந்து முதல் செக்மெண்டின் நகல் மறுபடியும் வரிசையில் ஏறும். பிங்கை நிறுத்திய பிறகும் செட் கத்தியது என்றீர்களே, இதுவும் அதே வரிசைதான். மோடமின் வரிசையில் ஏறிய பழைய பாக்கெட்டை யாரும் இறக்குவதில்லை.

செய்ய வேண்டியது, இரண்டு பக்கமும்: ஐபி ரூட் கட்டளையில் அந்த ரேடியோ வழிக்கு மட்டும் குறைந்தபட்ச ஆர்டிஓவை (பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்வரை பொறுக்கும் நேரத்தை) 5 விநாடியாக உயர்த்துங்கள், இயல்பில் அது 200 மில்லிவிநாடி. ஆரம்ப கன்ஜெஷன் விண்டோவை (முதல் ஏசிகே வருமுன் அனுப்பும் செக்மெண்ட் எண்ணிக்கையை) 1 அல்லது 2 ஆக்குங்கள். விண்டோவை (ஏசிகே வராமல் வழியில் இருக்கக்கூடிய பைட் அளவை) 432 வையுங்கள், இரண்டு செக்மெண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் வழியில் இருக்காது. முதல் சின் மட்டும் இன்னமும் ஒன்றிரண்டு முறை கூடுதலாகப் போகும், அது பெரிய விஷயமில்லை. இதைச் செய்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால். ஒரு செக்மெண்ட்டை இரண்டு முறை அனுப்பியபின் வரும் ஏசிகே முதல் நகலுக்கா, இரண்டாவதற்கா என்று சொல்ல முடியாது. அதனால் அப்படிப்பட்ட ஏசிகேயை வைத்து நேரத்தை அளக்காதே, நீட்டிய டைமரை அப்படியே வைத்திரு என்பதுதான் கார்ன் அல்காரிதம். 1987இல் பில் கார்னும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் வெளியிட்டது. கார்ன் அமெச்சூர் பாக்கெட் ரேடியோவில் டிசிபி ஓட்டிப் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. இன்று உலகத்தில் ஓடும் ஒவ்வொரு டிசிபியிலும் அது இருக்கிறது. அவர் 1985இல் சிபி/எம் கணினிக்கு எழுத ஆரம்பித்த கேஏ9க்யூ என்ற டிசிபி/ஐபி மென்பொருள்தான் பிறகு டாஸுக்கு வந்து நாஸ் ஆனது, எங்களில் பலர் ஐபி என்றால் என்ன என்று கற்றதே அதில்தான். வீணா என்று கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

கோபுரத்தடி

மேலே சார் சொன்னது அத்தனையும் சரி. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

யாரும் தொடாமல் செட் டிரான்ஸ்மிட் போவதற்குக் காரணம் உங்கள் பையில் ஓடும் மற்ற சேவைகள். இன்டர்ஃபேஸ் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அது கம்பியா ரேடியோவா என்று பார்க்காமல் பேச ஆரம்பித்துவிடும். முதல் சந்தேகம் அவாஹி: பின்னணியில் ஓடும் அந்த நிரல் 224.0.0.251க்கு எம்டிஎன்எஸ் அறிவிப்புகளை (தன் பெயரை வலைக்குச் சொல்லும் செய்திகளை) அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் சில நூறு பைட், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு விநாடி உங்கள் செட் காற்றில் இருக்கும். டயர்வுல்ஃப் திரையில் க்யூஎஸ்டி என்ற முகவரிக்குப் போகும் ஃப்ரேம்கள் தெரிகிறதா பாருங்கள், ஐபி பிராட்காஸ்ட்டும் மல்டிகாஸ்ட்டும் அந்தப் பெயரில்தான் போகும். அவாஹியின் அமைப்புக் கோப்பில் ஏஎக்ஸ்0வைத் தடைப் பட்டியலில் சேருங்கள், அல்லது அந்தச் சேவையே வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஃபயர்வாலில், அந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே போக எதெல்லாம் அனுமதி என்று நீங்கள் எழுதியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறித்துவிடுங்கள். டீஃபால்ட் ரூட் எக்காரணத்தைக் கொண்டும் ரேடியோ பக்கம் இருக்கக்கூடாது. மென்பொருள் அப்டேட்டைத் தேடி உங்கள் பை 1200 பாட்டில் கிளம்பினால் அன்று முழுக்க அலைவரிசை உங்களுடையதாக இருக்காது. எந்த ஐபி முகவரி யாருடையது என்று காற்றில் கேட்கும் ஏஆர்பி கூட வேண்டாம், ஆறு நிலையங்கள்தானே, யாருக்கு எந்த கால்சைன் என்று கையால் எழுதி நிலையாக வைத்துவிடலாம்.

இரண்டாவது எஸ்எஸ்எச். அதை வேகத்தின் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள், அனுமதியின் பிரச்சினை. ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ரேடியோ விதிகளில் 25.2ஏ என்ற பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையே பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கம் செய்து அனுப்பக்கூடாது என்கிறது. செயற்கைக்கோளுக்குத் தரைநிலையம் அனுப்பும் கட்டுப்பாட்டுச் சிக்னலுக்கு மட்டும் விலக்கு. உள்நாட்டுக்குள்ளும் பல நாடுகளின் விதிகள் அதே வழியில்தான் போகின்றன. உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ், விபிஎன் மூன்றும் இதில் அடிபடும். நாம் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் இந்தச் சேவைக்கு அலைவரிசை கிடைத்திருப்பதன் அடிப்படை, அதை விட்டுக்கொடுத்தால் நம்மிடம் வாதாட ஒன்றும் இருக்காது. இதில் நான் கறார்.

அதற்காகக் கடவுச்சொல்லைத் திறந்தவெளியில் அனுப்பச் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும் செல்லும் கடவுச்சொல் முறை, அல்லது கேள்வி ஒன்று அனுப்பி அதற்கு ரகசியத்தோடு சேர்த்துக் கணக்கிட்ட ஹேஷைப் பதிலாக வாங்கும் முறை. ஆள் யார் என்று நிரூபிக்கிறீர்கள், செய்தியின் பொருளை மறைக்கவில்லை. டெல்நெட்டும் (குறியாக்கம் இல்லாத தொலை உள்நுழைவு) இதில் ஏதாவது ஒன்றும் சேர்ந்தால் எஸ்எஸ்எச் இல்லாமல் வேலை நடக்கும். ஆனால் டெல்நெட்டை வரி வரியாக அனுப்பும் நிலையில் வையுங்கள். எழுத்துக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒரு பைட் தரவுக்கு 60 பைட் சுமை.

சாலிடர் புகை

9600 பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். எட்டு மடங்கு கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

டிஎக்ஸ்டிலேயை 300 மில்லிவிநாடிக்கு இறக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1200இல் முழு அளவுள்ள ஒரு செக்மெண்ட் போக 1.84 விநாடி, ஏசிகே திரும்ப 0.4, இரண்டு பக்கமும் டிஎக்ஸ்டிலேயும் காத்திருப்பும் சேர்ந்து 1.2. மொத்தம் 3.4 விநாடிக்கு 216 பைட், அதாவது விநாடிக்கு 60 பைட் சொச்சம். 9600இல் அதே செக்மெண்ட் 0.23, ஏசிகே 0.05. ஆனால் அந்த 1.2 விநாடி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் செட் ரிசீவிலிருந்து டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் வேகம் பாட்டைப் பார்த்து மாறாது. மொத்தம் 1.5 விநாடி, விநாடிக்கு 145 பைட். எட்டு மடங்கு வேண்டிய இடத்தில் இரண்டரை மடங்குகூட இல்லை. ஒரு முறை பிடிடி அடித்தால் ஆறேழு செக்மெண்ட்டைச் சேர்த்து அனுப்பினால்தான் 9600க்கு அர்த்தம் வரும், அப்போது 500 பைட்டைத் தாண்டலாம். சார் சொன்ன 432 விண்டோ 1200க்குச் சரி, 9600க்கு அதையே வைத்தால் வாங்கிய வேகம் வீண்.

செட்டும் ஒத்துழைக்க வேண்டும். 1200 பாட் என்பது 1200, 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள், மைக் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் போகும். ஜி3ஆர்யூஎச் முறை 9600 அப்படி இல்லை. அதன் அலைக்கற்றை மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து ஆரம்பிக்கும், மைக் வழியில் இருக்கும் ஃபில்டரும், உயர்ந்த தொனிகளைத் தூக்கிவிடும் ப்ரீஎம்ஃபசிஸும் அதைக் கடித்துக் குதறிவிடும். பின்பக்கம் டேட்டா சாக்கெட் உள்ள செட் வேண்டும், அல்லது செட்டைத் திறந்து, எஃப்எம் சிக்னலைப் பிரித்தெடுக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக எடுக்க வேண்டும்.

அதனால் என் யோசனை, முதலில் இருக்கிற 1200லேயே டிஎக்ஸ்டிலேயைக் குறையுங்கள், காசும் இல்லை, சாலிடரும் இல்லை. 50 மில்லிவிநாடி வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள், எதிர்ப்பக்கம் ஃப்ரேமைத் தவறவிட ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சிக்னல் இல்லாதபோது ஒலியை மூடும் ஸ்குவெல்ச்சைத் திறந்தே விடுங்கள், மோடம் தானே கேரியரைக் கண்டுபிடிக்கும். மூடியிருந்தால் அது திறக்கும் நேரத்தையும் எதிர்ப்பக்கத்தின் டிஎக்ஸ்டிலே சுமக்க வேண்டியிருக்கும். லினக்ஸில் டிசிபி டைம்ஸ்டாம்ப்பை நிறுத்தினால் பாக்கெட்டுக்கு 12 பைட் மிச்சம், 1200இல் அது 80 மில்லிவிநாடி, ஒவ்வொரு ஏசிகேயிலும்.

என் கருத்தையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: குறுஞ்செய்திக்கு ஐபி எதற்கு? ஏஎக்ஸ்.25 மேலேயே செய்திப்பலகை முறை இருக்கிறது, 40 பைட் தலைப்பு மிச்சம்.

கோபுரத்தடி

சாலிடர் புகைக்கு: ஆறு நிலையம், எல்லாம் ரேடியோ மட்டும் என்றால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர்கள் கட்டுவது அப்படியே நிற்கப்போவதில்லை. ஒரு நிலையத்தில் வைஃபை உள்ள வளாகம் இருக்கும், இன்னொன்றில் மைக்ரோவேவ் இணைப்பு வரும், மூன்றாவதில் ரேடியோ மட்டும் இருக்கும். சென்சாரிலிருந்து வரும் அளவு எந்த வழியாக வந்தது என்று அதைப் பெறும் நிரலுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் இருப்பதுதான் ஐபியின் பலம். கம்பி இருக்கும்வரை கம்பியில் போகட்டும், அறுந்தால் ரூட் மாறி 1200 பாட்டில் வரட்டும், நிரலைத் தொட வேண்டாம். அதற்கு 20 பைட் ஐபி தலைப்பு எனக்குச் சம்மதம்.

முகவரி விஷயமும் இதோடு சேர்ந்தது. அமெச்சூர் ரேடியோவுக்கு என்று 1981இலேயே ஹாங்க் மக்னுஸ்கி முயற்சியில் 44இல் தொடங்கும் முழு முகவரித் தொகுதியும் ஒதுக்கப்பட்டது. 2019இல் அதில் கால் பங்கை, 44.192க்கு மேலுள்ளதை, அந்த முகவரிகளை நிர்வகிக்கும் ஏஆர்டிசி அமைப்பு அமேசானுக்கு விற்றுவிட்டது. மீதி முக்கால் பங்கு இன்னும் ஹாம்களுக்குத்தான். உரிமம் இருந்தால் ஏஆர்டிசியிடம் கேட்டு ஒரு சின்னத் தொகுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு குழுவோடு இணையும் நாளில் முகவரி மோதாது.

பழைய டிஎன்சி

குன்றின் மேல் ரிலே பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் பெரும்பாலான பாக்கெட் வலைகள் படுத்துவிடுவது அங்கேதான்.

வெறும் டிஜிபீட்டராக, கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்லும் பெட்டியாக வைத்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை காற்றில் போகிறது. வேகம் அங்கேயே பாதி. அதைவிடப் பெரிய தொல்லை, உங்கள் ஆறு நிலையங்களும் குன்றைக் கேட்கும், ஒன்றையொன்று கேட்காது. அலைவரிசை காலியா என்று பார்த்துவிட்டுப் பேசு என்ற ஏற்பாடே அங்கே பொய்த்துவிடும். இவருக்குக் காலியாகத் தெரிகிறது, அவருக்கும் காலியாகத் தெரிகிறது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள், குன்றில் இருப்பவருக்கு இரண்டுமே கேட்பதில்லை. முடிந்தால் இரண்டு அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே திரும்ப அனுப்பும் ஃபுல் டூப்ளெக்ஸ் ரிலே வையுங்கள். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேரியர் கேட்கும், மோதல் பெரும்பாலும் ஒழியும். ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் விடும் டூப்ளெக்சர் வேண்டும், செலவு கூடும், ஆனால் அந்த வலை நிற்கும். அது முடியாது என்றால் பெர்சிஸ்டன்ஸைக் குறைத்து, விண்டோவைச் சிறிதாக வைத்து, பொறுமையாக ஓட்ட வேண்டியதுதான்.

அடுத்து டேட்டாகிராமா விர்ச்சுவல் சர்க்யூட்டா என்ற பழைய சண்டை. ஐபி பாக்கெட்டை யுஐ ஃப்ரேமில் போட்டு, சேர்ந்தால் சரி என்று அனுப்பலாம். அல்லது ஏஎக்ஸ்.25 இணைப்பு ஒன்றைத் திறந்து, அதன் ஐ ஃப்ரேமில் போட்டு, ஒவ்வொரு தாவலிலும் உறுதி வாங்கி அனுப்பலாம். லினக்ஸில் ஆக்ஸ்பார்ம்ஸ் கட்டளையில் வழிக்கு வழி இதை மாற்றி வைக்க முடியும். ஒரே தாவல், நல்ல சிக்னல் என்றால் யுஐ போதும், ஏஎக்ஸ்.25 ஏசிகேயும் டிசிபி ஏசிகேயும் என்று இரண்டு முறை கட்ட வேண்டாம். ஆனால் மூன்று தாவல், தாவலுக்குப் பத்தில் ஒன்று தொலைகிறது என்று வையுங்கள். போய்ச் சேர வாய்ப்பு 73 சதவீதம், ஏசிகேயும் திரும்பி வர வேண்டும் என்றால் 53 சதவீதம். பாதி நேரம் டிசிபி முதலிலிருந்து, மூன்று தாவலும் மறுபடி. அங்கே தாவலுக்குத் தாவல் உறுதி வாங்கும் முறை ஜெயிக்கும், தொலைந்த இடத்தில் மட்டும் மறுபடி அனுப்பும். அதற்கும் ஒரு விலை உண்டு: கீழே ஏஎக்ஸ்.25 பொறுமையாக முயன்றுகொண்டிருக்கும்போது மேலே டிசிபி பொறுமையிழந்து நகல் அனுப்பினால், அந்த நகலையும் ஏஎக்ஸ்.25 விசுவாசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே அந்த முறைக்குப் போனால் குறைந்தபட்ச ஆர்டிஓவை இன்னும் நன்றாக உயர்த்த வேண்டும்.

அலைநேயன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னதையெல்லாம் இரண்டு பக்கமும் செய்து பார்த்தோம். அவாஹிதான் முதல் குற்றவாளி, அதை ஏஎக்ஸ்0விலிருந்து தடுத்ததும் செட் அமைதியாகிவிட்டது. டிஎக்ஸ்டிலே 200இல் ஃப்ரேம் தவற ஆரம்பித்தது, 250இல் வைத்திருக்கிறோம். பிங் 15 விநாடிக்கு ஒன்று என்றால் 2.5 விநாடியில் அசையாமல் நிற்கிறது. ஆர்டிஓவும் விண்டோவும் மாற்றியபின் அந்த 2 கிலோபைட் பக்கம் சுமார் 35 விநாடியில் முழுசாக வந்தது! ஒரு செட் பேசுகிறது, நிறுத்துகிறது, மற்றது குட்டியாக ஒரு ஏசிகே சொல்கிறது, மறுபடி முதல் செட். கேட்கவே அவ்வளவு ஒழுங்கு.

எஸ்எஸ்எச்சை விட்டுவிட்டோம், விதிகளை வாசித்த பிறகு அதில் இரண்டாவது யோசனை இல்லை. முகவரிக்கும் விண்ணப்பிக்கப் போகிறோம்.

கடைசியாக ஒன்று. சென்சார் அளவுகளையும் குறுஞ்செய்தியையும் எதில் அனுப்புவது? இருக்கிற மின்னஞ்சல் சர்வரையே எஸ்எம்டிபியில் பயன்படுத்தலாம் என்று நண்பர் சொல்கிறார், எனக்கு யுடிபியில் (இணைப்பும் ஏசிகேயும் இல்லாமல் அனுப்பும் முறை) சொந்தமாக எழுதலாம் என்று தோன்றுகிறது.

பழைய டிஎன்சி

பைட்டை எண்ணாதீர்கள், திருப்பங்களை எண்ணுங்கள். எஸ்எம்டிபியில் இணைப்பு ஒரு திருப்பம், வரவேற்பு வரி, ஹலோ, அனுப்புபவர், பெறுபவர், டேட்டா, செய்தி முடிவு, விடைபெறுதல். ஒவ்வொன்றுக்கும் போய்த் திரும்ப இரண்டரை விநாடி. செய்தியில் இரண்டே சொல் இருந்தாலும் 15, 20 விநாடி அலைவரிசை உங்களுடையது. பல கட்டளைகளைச் சேர்த்து வாங்கும் பைப்லைனிங் உள்ள சர்வர் என்றால் கொஞ்சம் குறையும். நீளமான செய்திக்கு, கோப்பு இணைப்புக்கு, கிடைக்காதவருக்கு வைத்திருந்து கொடுப்பதற்கு எஸ்எம்டிபி இருக்கட்டும், அதற்கு ஈடு கிடையாது.

சென்சாருக்கு யுடிபிதான். நிலைய எண், நேரம், அளவு, வரிசை எண் எல்லாம் 20 பைட்டுக்குள் அடங்கும், ஐபி, யுடிபி, ஏஎக்ஸ்.25 சுமையோடு 68 பைட், 0.45 விநாடி. எதிர்ப்பக்கம் வரிசை எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லட்டும். வராவிட்டால் அரை நிமிடம் கழித்து ஒரு முறை, பிறகு ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை, அதோடு விட்டுவிடுங்கள், அடுத்த அளவு எப்படியும் வரப்போகிறது, பழையதைத் துரத்த வேண்டாம். ஒரு அளவுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை விநாடி என்று வைத்தால், ஆறு நிலையமும் பத்து நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினாலும் 9 விநாடி, டிஜிபீட்டர் வழியாகவே போனாலும் 18. அலைவரிசையில் மூன்று சதவீதம்தான், செய்திக்கு நிறைய இடம் இருக்கிறது.

சாலிடர் புகை

அதில் ஒன்று மட்டும் கவனியுங்கள். நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் கிரானில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று எழுதினால், ஆறு பையும் நேரத்தைச் சரியாக வைத்திருக்கும்பட்சத்தில் ஆறும் அதே விநாடியில் அடிக்கும், ஒன்றையொன்று கேட்காத நிலையங்கள் வேறு. நிலைய எண்ணை 90ஆல் பெருக்கி அத்தனை விநாடி தள்ளி அனுப்பச் சொல்லுங்கள். மறு முயற்சிக்கான அரை நிமிடத்தையும் சரியாக 30 என்று வைக்காமல் 20க்கும் 40க்கும் இடையே ஏதோ ஒரு எண்ணாக எடுக்கச் சொல்லுங்கள்.